விழித்திருந்த இரவுக்குச் சம்பளம் எங்கே?

2023 அக்டோபர் 7 காலை, காஸா எல்லையை ஒட்டிய இஸ்ரேலின் நிர் ஓஸ் குடியிருப்பில் ஹமாஸ் ஆயுதக்குழுவினர் வீடு வீடாகப் புகுந்துகொண்டிருந்தார்கள். ஒரு வீட்டின் பாதுகாப்பு அறைக்குள் நான்கு பேர் இருந்தார்கள்: நோயுற்ற மூதாட்டி, அவருடைய கணவர், மூதாட்டியைப் பார்த்துக்கொள்ள கேரளத்திலிருந்து வந்த இரண்டு பெண்கள். வெளியே இருந்தவர்கள் கதவைத் தள்ளினார்கள், சுட்டார்கள். அந்தப் பெண்கள் கைப்பிடியை விடாமல் மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நால்வரும் பிழைத்தார்கள். வீடு சூறையாடப்பட்டது; பெண்களில் ஒருவரின் பாஸ்போர்ட்டும் போயிற்று. இந்தியாவிலுள்ள இஸ்ரேல் தூதரகம் இருவரையும் வீராங்கனைகள் என்று கொண்டாடியது.

தகும் புகழ்தான். ஆனால், வீட்டுப் பராமரிப்பாளர்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் புகழோடு முடிந்துவிடுகிறது. 2021 மே மாதம் அஷ்கெலானில் ராக்கெட் விழுந்து இறந்த இடுக்கி மாவட்டப் பெண்ணும் ஒரு மூதாட்டியைப் பார்த்துக்கொள்ளப் போனவர்தான். ஊரிலிருந்த கணவரோடு வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருந்தபோது உயிர் போனது. இப்படிப்பட்ட செய்திகளைப் படித்து நெகிழ்கிறோம். அதே வேகத்தில் யாராவது வேலைநேரம், கூலி, லீவு என்று பேச்செடுத்தால் முகம் சுளிக்கிறோம்.

நம் ஊரில் துப்பாக்கி இல்லை, இரவு இருக்கிறது. சென்னையிலோ கோவையிலோ பக்கவாதத்தில் படுத்துவிட்ட ஒரு பெரியவருக்கு ஏஜென்ஸி மூலம் ‘24 மணி நேர டியூட்டி’க்கு ஒரு பெண் வருகிறார். மூக்குக்குழாய் வழியே கஞ்சி கொடுப்பது, உடம்பு துடைப்பது, டயப்பர் மாற்றுவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ராத்திரி என்பதற்காக அதற்கு விடுமுறை கிடையாது. கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து, இருமல் சத்தம் கேட்டால் எழுந்துகொள்கிறார். பெரியவர் சாப்பிட மறுத்தால் கதை சொல்லி ஊட்டுகிறார். போதாததற்கு வீட்டுப் பாத்திரமும் அவர் தலையில் விழுகிறது. ‘எங்க வீட்டு மனுஷி மாதிரி’ என்கிறது குடும்பம், மனதாரத்தான் சொல்கிறது. மாதக் கடைசியில் அவருக்குக் கிடைப்பது ஏஜென்ஸி தன் பங்கைப் பிடித்துக்கொண்ட பிறகு மிஞ்சும் தொகை. பாயில் கழிந்த ராத்திரிகள் அதில் தனியாகக் கணக்கில் வருவதே இல்லை.

அந்த ராத்திரிகள் வேலைநேரமாக எண்ணப்பட வேண்டும். கனிவு என்பது கூலியைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு அல்ல.

இந்த வழக்கு உலகெங்கும் நீதிமன்றப் படி ஏறியிருக்கிறது. நியூயார்க்கில் முதியவர்களின் வீடுகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர் எவலின் கோக், ஜமைக்காவிலிருந்து வந்தவர். ஒரு நாள் முழுக்க நீளும் ஷிப்டுகளைப் பார்த்தும் ஓவர்டைம் கிடைக்கவில்லை என்று வழக்குப் போட்டார். முதியவர்களுக்குத் துணையாக இருப்பது ஊதியச் சட்டத்திலிருந்து விலக்கு பெற்ற சேவை என்ற 1970-களின் விதியைக் காட்டி, 2007-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இரண்டு வருடத்தில் அவர் இறந்துபோனார். 2013-ல் ஒபாமா அரசு விதியை மாற்றியது. 2025 ஜூலையில் ட்ரம்ப் அரசின் தொழிலாளர் துறை அந்த மாற்றத்தையே திரும்பப் பெற முன்மொழிந்தது.

பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில், பராமரிப்பாளர் நோயாளி வீட்டில் தூங்கும் இரவுக்குக் குறைந்தபட்ச ஊதியம் கிடையாது, எழுப்பப்பட்ட நேரத்துக்கு மட்டுமே உண்டு என்றது. அந்த வழக்கிலிருந்த பெண்ணுக்கு 16 மாதத்தில் ஆறு முறைதான் எழ நேர்ந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால், ஆறு முறை எழுவதற்காக அத்தனை இரவும் அவர் தன் வீட்டில் இல்லை. மூன்றே மாதத்தில் ஜெர்மனியின் தொழிலாளர் உச்ச நீதிமன்றம் நேரெதிர்த் திசையில் போனது. பெர்லினில் 90 வயது கடந்த மூதாட்டியோடு தங்கியிருந்த பல்கேரியப் பெண்ணின் ஒப்பந்தத்தில் வாரம் 30 மணி நேரம் என்றிருந்தது. அவர் பார்த்ததோ இரவும் பகலும். கூப்பிட்டால் எழத் தயாராகக் காத்திருப்பதும் வேலைதான் என்றது நீதிமன்றம். மறுவிசாரணையில் 2022-ல் அவருக்கு 38,000 யூரோவுக்கு மேல் கூடுதலாகக் கிடைத்தது.

இந்தியச் சட்டம் எந்தப் பக்கம்? 2013-ன் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் வீடும் பணியிடம்தான். 2020-ன் தொழிலுறவுச் சட்டத் தொகுப்போ, ‘தொழில்’ என்பதன் வரையறையிலிருந்து வீட்டுப் பணியை வெளியே தள்ளிவிட்டது. வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேச உடன்படிக்கை 2011-ல் ஜெனீவாவில் நிறைவேறியபோது ஆதரித்து வாக்களித்த இந்தியா, அதை இன்னும் ஏற்று உறுதிப்படுத்தவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இவர்களுக்கெனத் தனிச் சட்டம் பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி ஒன்றிய அரசிடம் சொன்னது. தமிழ்நாட்டில் 2007 முதலே வீட்டுப் பணியாளர் நல வாரியம் இருக்கிறது. வாரியம் நல உதவி தரும், ராத்திரியை எண்ணித் தராது.

நடுத்தரக் குடும்பங்களின் மறுமொழி நியாயமானது: ‘இப்போது கொடுப்பதற்கே பென்ஷன் போதவில்லை.’ உண்மை. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10 சதவீதத்துக்கு மேல். நாட்டின் சராசரி 9 சதவீதத்தையும் தொடவில்லை. பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். 70 வயது கடந்தோருக்கு 2024-ல் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் காப்பீடு மருத்துவமனையில் படுத்தால் உதவும், வீட்டில் படுத்தால் உதவாது. ஜெர்மனி 1995-லேயே பராமரிப்புக்கெனத் தனிக் காப்பீடு கொண்டுவந்து, குடும்பத்தின் சுமையில் ஒரு பகுதியைப் பொதுச் சுமையாக்கியது. கேரளம் 2008-ல் நோய்த்தணிப்புக் கொள்கை வகுத்து, உள்ளாட்சிகள் மூலம் செவிலியரை வீட்டுக்கே அனுப்புகிறது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மூலம் தமிழ்நாட்டுக்கும் வாசலுக்குப் போகும் பழக்கம் வந்துவிட்டது (அதில் உழைக்கும் பெண் தன்னார்வலர்களுக்கும் சம்பளம் இல்லை, ஊக்கத்தொகைதான்). படுக்கையில் இருப்பவரின் குடும்பம் ஏழையாக இருந்தால் பராமரிப்புச் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்பது, இந்தத் திட்டத்தின் அடுத்த படியாக இருக்க முடியும். குடும்பத்தின் பற்றாக்குறையை அந்தப் பெண்ணின் தூக்கத்திலிருந்து எடுத்து ஈடுகட்டுவது நியாயமாகாது.

தொழிலாளர் விவகாரம் பொதுப்பட்டியலில் இருப்பதால் மாநிலம் டெல்லியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. தங்கிப் பார்க்கும் பணிக்கு இரவுக் காத்திருப்பையும் சேர்த்துக் குறைந்தபட்ச ஊதியம் அறிவிக்கட்டும். வாரத்தில் ஒரு நாள் லீவு கட்டாயம். அன்றைக்கு மாற்று ஆளை அனுப்புவது ஏஜென்ஸியின் பொறுப்பு. ஆள் அனுப்பும் ஏஜென்ஸி ஒவ்வொன்றும் தொழிலாளர் துறையில் பதிவுசெய்ய வேண்டும். குடும்பம் கட்டும் தொகை, ஏஜென்ஸி பிடித்துக்கொள்ளும் தொகை, பராமரிப்பாளர் கைக்குப் போகும் தொகை மூன்றும் ஒரே ரசீதில் அச்சாகி, அதன் ஒரு பிரதி அந்தப் பெண்ணிடமும் இருக்க வேண்டும்.