செப்டம்பர் அனுமதிக்கு முதல் வருடமே ஆயத்தம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பும் முகவர்கள் பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை முழுமையாக ஆமோதிக்கிறேன். அனுமதி எடுத்துத் தருவதோடு அவர்களின் அக்கறை முடிந்துவிடுகிறது.

என் பெறாமகளுக்குப் பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்றில் செப்டம்பர் அனுமதி கிடைத்தது. நகை அடகு வைத்து, காணியை ஈடு வைத்துத் திரட்டிய பணம் ஓகஸ்ட் கடைசியில்தான் வங்கிக்குப் போனது. விசாவுக்கு விண்ணப்பிக்க முன் அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்கவேண்டும் என்ற விதியை முகவர் வாய்திறந்து சொல்லவில்லை. அங்கே வகுப்பு தொடங்கிவிட்டது. பிள்ளை வீட்டில் இருக்கிறாள். அடகுக்கு வட்டி ஏறுகிறது.

இப்படி முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டியவை இன்னும் உண்டு. ஜேர்மனியில் குளிர்காலப் பருவத்துக்குப் பல பல்கலைக்கழகங்களில் ஜூலை 15 கடைசித் திகதி. ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு 2 வருடம் செல்லுபடியாகும். உயர்தரப் பெறுபேறு வரும்வரை காத்திராமல் அந்தப் பரீட்சையை முன்கூட்டியே எழுதிவைக்கலாம். இவ்வளவையும் காசு வாங்காமல் சொல்லித்தர ஊரில் ஓர் இடம் வேண்டும்.

உயர்தர மாணவருக்கு மாதிரிப் பரீட்சை நடத்தும் எங்கள் தொண்டைமானாறு வெளிக்கள நிலையம், பரீட்சை முடிந்த கையோடு பெற்றோரையும் கூப்பிட்டு ஒரு நாள் வழிகாட்டல் கருத்தரங்கு வைக்கவேண்டும். வெளிநாடுகளில் படிக்கும் எங்கள் பிள்ளைகளைச் சூம் வழியாகப் பேசவைக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தொண்டைமானாறு.