பழி ஆட்டின் மேல்

சிக்காகோ நகரில் மிச்சிகன் அவெனியூவின் கீழ்த்தட்டில், வெயில் எட்டாத தெருவோரத்தில், 'பில்லி கோட்' என்றொரு பழைய தவறணை இருக்கின்றது. 1964இல் அவ்விடத்துக்கு வந்த கடை அது. மெல்லிய இறைச்சி வட்டையும் பாற்கட்டியும் வைத்த பேர்கர்தான் அங்கு விசேடம். வெங்காயத்தையும் ஊறுகாயையும் வாங்குபவரே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பொரித்த உருளைக்கிழங்கு கிடையாது, சிப்ஸ் மட்டுமே. 1978 ஜனவரியில் 'சற்றர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் ஜோன் பெலூஷி "சீஸ்போகர், சீஸ்போகர்" என்று கூவியது இக்கடையைப் பார்த்துத்தான்.

இத் தவறணையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு கதைகளுடன் நின்றுவிடுகின்றனர். ஒன்று பேர்கர், மற்றையது ஆட்டின் சாபம். பேர்கரோடு எனக்கு வழக்கில்லை. சாபத்தோடுதான் வழக்கு.

கதை இதுதான். 1945 ஒக்டோபரில் பேஸ்போல் உலகத் தொடரின் நான்காவது ஆட்டத்துக்கு, கடையை நிறுவிய கிரேக்கக் குடியேறி வில்லியம் சியானிஸ் தமது வளர்ப்பு ஆட்டையும் அழைத்துச் சென்றார். ஆட்டை வெளியேற்றினார்கள். சிக்காகோ கப்ஸ் அணி இனி வெல்லாது என்று அவர் சபித்தாராம். அவ்வாண்டு தோற்ற அணி, 2016 வரை உலகத் தொடரின் வாசலையே மிதிக்கவில்லை. வேறென்ன சான்று வேண்டும் என்பார்கள்.

அதே தவறணையின் நெடுநாள் வாடிக்கையாளர் மைக் றொய்கோ. 1972இல் புலிற்சர் பரிசு பெற்ற பத்தி எழுத்தாளர். 1997 மார்ச்சில், தாம் மறைவதற்குச் சில வாரங்களுக்கு முன், தமது கடைசிப் பத்தியில் அவர் இக்கதையைப் போட்டு உடைத்தார். அணியைக் கெடுத்தது ஆடு அன்று, அணியின் முதலாளி பிலிப் றிக்லிதான் என்பது அவர் வாதம். ஜக்கி றொபின்சன் 1947இல் நிறத்தடையை உடைத்து ஆடத் தொடங்கினார். கப்ஸ் அணியில் முதற் கறுப்பின வீரர்கள் களமிறங்கியது 1953 செப்டெம்பரில். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் எத்தனை ஆற்றல்மிக்க வீரர்கள் பிற அணிகளுக்குப் போயினர்! ஆட்டின் கதையைச் சொல்லிச் சிரித்தால் இந்தக் கணக்கை எவரும் கேட்கமாட்டார்.

இதை இன்று நான் ஏன் கிளறுகின்றேன்? எமது தொழிலிலும் ஓர் ஆடு திரிகின்றது. அதன் பெயர் இணையம். பத்திரிகைகளை இணையம் கொன்றது என்று முதலாளிகளும் சொல்கின்றனர், வேலையிழந்த பத்திரிகையாளர்களும் சொல்கின்றனர். விளம்பர வருவாயை இணையம் விழுங்கியது உண்மை. அதை மறுப்பவன் மூடன். ஆனால் அது பாதிக் கணக்கே.

அந்தத் தவறணையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த 'ட்ரிபியூன்' நிறுவனத்தைப் பாருங்கள். 2007இல் சாம் செல் என்ற காணி வணிகர் 800 கோடி டொலருக்கு மேற்பட்ட பேரத்தில் அதை வசப்படுத்தினார். பெரும்பகுதி கடன். அக்கடன் ஏறியது நிறுவனத்தின் தலையில். 2008 டிசெம்பரில் வங்குரோத்து. 2018இல் ஆசிரியபீடம் தனது பழைய கோபுரத்தைவிட்டு வெளியேறியது. அங்கே இப்போது செல்வந்தர் குடியிருப்புகள். 2021இல் ஒரு முதலீட்டு நிதியம் பத்திரிகையை வாங்கியது. வாங்கிய கையோடு ஊழியர்களுக்குப் பணம் கொடுத்து விலகச் சொன்னது. இவை எதையும் இணையம் கையொப்பமிட்டுச் செய்யவில்லை.

எதை இழந்தோம்? குடியை நான் புகழவில்லை. குடியால் அழிந்த பேனாக்கள் எமது தொழிலில் ஏராளம். ஆயினும், 1977இல் 'சிக்காகோ சன்-ரைம்ஸ்' பத்திரிகை நகரில் ஒரு மதுச்சாலையையே விலைக்கு வாங்கி, நிருபர்களைப் பரிசாரகர்களாக நிறுத்தி, கையூட்டு வாங்க வந்த நகர அதிகாரிகளை அம்பலப்படுத்தியது. மறு ஆண்டு 25 பகுதிகளாக அச்செய்தி வந்தது. வேடமிட்டுச் செய்தி திரட்டியது முறையா என்ற விவாதத்தில் புலிற்சர் பரிசு கைநழுவியது. விவாதம் நியாயமானதே. நான் கேட்பது வேறு: மாதக்கணக்காக ஒரே செய்திக்கு நிருபர்களையும் பணத்தையும் ஒதுக்க இன்று எந்த முதலாளி சம்மதிப்பார்?

'பில்லி கோட்' சுவர்களில் இன்றும் பழைய பத்திரிகையாளர்களின் பெயர்கள் சட்டமிடப்பட்டுத் தொங்குகின்றன. சுற்றுலாப் பயணிகள் பேர்கரைக் கடித்தபடி அவற்றைப் படமெடுக்கின்றனர். தவறணை பிழைத்துக்கொண்டதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அதற்கு வாடிக்கை கொடுத்த பத்திரிகைகளை மெலியவைத்தவர்களின் பெயர்களை எந்தச் சுவரில் மாட்டுவது?

அடுத்தமுறை எவரேனும் இணையத்தைச் சபித்தால், வாசகர்களே, றொய்கோ செய்ததைச் செய்யுங்கள். ஆட்டை அவிழ்த்து விட்டுவிட்டு, முதலாளியின் கணக்குப் புத்தகத்தைக் கேளுங்கள்.