மயிலுக்கு வழிவிட்டது யார்?

நிலக்கடலை விதைத்த மூன்றாம் நாள் விடிகாலையில் மானாவாரிக் காட்டுக்குப் போகும் விவசாயி, சாலோடு சாலாகக் கிளறிப் போட்ட மண்ணைக் கண்டு திகைத்து நிற்கிறார். ஒரு கூட்டம் மயில் ஒரு மணி நேரம் மேய்ந்துவிட்டால் மறுவிதைப்புக்குக் கடன் தேட வேண்டியதுதான். கோவை, திருப்பூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் இது வருஷா வருஷம் கேட்கிற புகார். தக்காளி, மிளகாய், நெல் நாற்றங்கால் எதுவும் தப்புவதில்லை.

காட்டில் மயில் பெருத்துவிட்டது, அதனால் ஊருக்குள் வருகிறது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இது பாதி உண்மை. மயில் மழைக்காட்டுப் பறவை அல்ல. முட்புதரும் வெட்டவெளியும் கலந்த காய்ந்த நிலமே அதற்குப் பிடித்தம். 1933-இல் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளில் பறவைகளைக் கணக்கெடுத்தபோது மயில் தென்படவில்லை. இன்று கேரளத்தில் பல இடங்களில் அது உலவுகிறது. நிலம் வறள வறள மயிலின் எல்லை விரிகிறது என்றே இதற்குப் பொருள் கொள்ள வேண்டும்.

நம் பக்கத்திலோ வாய்க்கால் கரையும், ஏரிப் புறம்போக்கும், தரிசாக விட்ட காடும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கின்றன. பகலில் ஒதுங்க அந்தப் புதர். இரவில் அடைய உயரமான மரம். காலையும் மாலையும் இரை தேட அடுத்தாற்போல் விதைத்த வயல். இதைவிட வசதி மயிலுக்கு எந்த வனத்தில் கிடைக்கும்? தரையில் புதரடியில் முட்டையிடும் பறவை அது. முட்டையையும் குஞ்சையும் முன்பு நரி பார்த்துக்கொண்டது. ஆட்டுக்குட்டியைக் காக்கவென்று நரியை ஒழித்ததில் ஊருக்கும் பங்கு உண்டு.

மயில் பூச்சியையும் தின்கிறதே என்று நகரத்து அன்பர்கள் சமாதானம் சொல்வதுண்டு. தின்கிறதுதான். விதையே போன கொல்லையில் பூச்சி இருந்தால் என்ன, போனால் என்ன?

அதற்காக, நஞ்சு கலந்த தானியத்தைத் தூவுவது பெரும் தவறு. 1963 முதல் மயில் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருப்பது. அதைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. போன கடலையைவிட வக்கீல் செலவு கூடுதலாகிவிடும். அதோடு அந்தத் தானியம் மயிலுக்கென்று காத்திருக்காது. கௌதாரி, மைனா, வீட்டுக் கோழி எல்லாம் பொறுக்கும்.

தகரம் தட்டுவதும் பளபளக்கும் நாடா கட்டுவதும் சில நாளைக்குத்தான். பிறகு மயில் பழகிவிடும். ஒருவர் மட்டும் முந்தி விதைத்தால் சுற்றுவட்டார மயில் முழுவதும் அவர் காட்டில்தான் இறங்கும். ஒரே வாரத்தில் ஊர் முழுவதும் விதைத்தால் சேதம் பலர் தலையில் சிறிது சிறிதாகப் பங்காகிவிடும். முளை தலைகாட்டி நிலைக்கும் வரை காலையும் மாலையும் முறை வைத்துக் காவல் நிற்பது அவசியம். ஆள் பற்றாக்குறை உள்ள வீட்டுக்கு இது சிரமம் என்பதை மறுக்க முடியாது.

ஆனால் காவல் நிற்பது விவசாயியின் வேலை என்றால், புறம்போக்குப் புதரை வேரோடு அகற்றுவது ஊராட்சியின் வேலை. மயில் கூடு வைக்கும் காலம் பார்த்து, அதற்கு முன்பே அதைச் செய்தாக வேண்டும். யானையோ பன்றியோ மிதித்த வயலைப் பார்க்க வருகிற அதிகாரிகள், மயில் கிளறிய சாலையும் வந்து பார்த்துக் கணக்கெடுக்கட்டும். நாட்டுக்கே பொதுவான பறவைக்குத் தீனிச் செலவை இரண்டு ஏக்கர்க்காரர் மட்டும் ஏன் ஏற்க வேண்டும்?