2 லட்சம் முறை சார்ஜ் ஆகும் பேட்டரி: நம் கைக்கு வர ஏன் இவ்வளவு தாமதம்?

எலவனாசூர்கோட்டையில் இருந்து உளுந்தூர்பேட்டைக்கோ கள்ளக்குறிச்சிக்கோ தினமும் வேலைக்குப் போய்வரும் ஒருவர் இ-ஸ்கூட்டர் வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மைலேஜ் கேட்பார், இஎம்ஐ கேட்பார். கடைசியாக, "பேட்டரி எத்தனை வருஷம் தாங்கும்?" என்பார். வண்டியிலேயே விலை அதிகமான பாகம் பேட்டரிதான். கவலை நியாயமானது.

ஆனால் போனைத் திறந்தால், 'ஆயுள் முழுக்க உழைக்கும் பேட்டரி ரெடி' என்று செய்தி வருகிறது. அப்போ அது எங்கே?

பேட்டரி ஏன் சோர்கிறது?

ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறும்போதும் உள்ளே இருக்கும் லித்தியத்தில் கொஞ்சம் பக்க வினைகளில் வீணாகி, மின்முனையின் மேல் படலமாகப் படிகிறது. வெயிலும், எப்போதும் 100 சதவீதத்திலேயே வைத்திருப்பதும் இதை வேகப்படுத்தும்.

ஆய்வகத்தில் என்ன நடந்தது?

2016-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் மியா லே தாய் என்ற ஆய்வு மாணவி, மாங்கனீசு டை ஆக்சைடு பூசிய தங்க நுண்கம்பிகளை ஜெல்லில் பொதித்து, 2 லட்சம் முறை சார்ஜ் ஏற்றி இறக்கிக் காட்டினார். தினம் ஒரு சார்ஜ் என்றால் 500 வருஷத்துக்கு மேல்! ஆனால் அது முழு பேட்டரி அல்ல. இரு பக்கமும் ஒரே வகை மின்முனை கொண்ட மின்தேக்கி. தலைப்புச் செய்திகளில் இந்த வித்தியாசம் காணாமல் போனது.

தாமதம் எதனால்?

போனுக்குள் போகும் பேட்டரி நீண்ட நாள் உழைத்தால் மட்டும் போதாது. எடை, விலை, வேகமான சார்ஜ், தீப்பிடிக்காத பாதுகாப்பு எல்லாம் ஒன்றாக அமைய வேண்டும். ஆலையில் லட்சக்கணக்கில் செய்தாலும் தரம் மாறக் கூடாது. இன்றைய லித்தியம் அயன் பேட்டரியே அப்படித்தான் வந்தது: குட்இனஃப் குழு கோபால்ட் மின்முனையைக் கண்டறிந்தது 1980-ல். சோனி சந்தைக்குக் கொண்டுவந்தது 1991-ல்.

நம்ம ஊர்க் கதையும் உண்டு. காரைக்குடியில் உள்ள 'சிக்ரி' எனும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் லித்தியம் அயன் தொழில்நுட்பத்தை உருவாக்கியது. அதை ராசி சோலார் பவர் நிறுவனத்துக்கு வழங்க 2018 ஜூனில் ஒப்பந்தம் ஆனது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆலை அமைப்பதாக அப்போது சொல்லப்பட்டது. இன்றும் நாம் பயன்படுத்தும் லித்தியம் செல்களில் பெரும்பகுதி இறக்குமதிதான். கண்டுபிடிப்பதை விட, ஆலையில் தயாரிப்பதுதான் கடினம்.

அதுவரை என்ன கேட்கலாம்?

அதிசய பேட்டரிக்காகக் காத்திருக்க வேண்டாம். இருக்கும் பேட்டரியின் உண்மையான ஆயுளைச் சொல்லச் சொல்லலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் புதிதாகச் சந்தைக்கு வரும் ஸ்மார்ட்போன்கள், 800 முறை சார்ஜ் ஆன பிறகும் 80 சதவீதத் திறனோடு இருக்க வேண்டும். எத்தனை முறை தாங்கும் என்பதை லேபிளிலும் போட வேண்டும்.

இங்கே பெட்டியில் மெகாபிக்சல் பெரிதாக இருக்கும். இந்த எண்ணைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. போனோ ஸ்கூட்டரோ, அந்த எண்ணை அச்சிடுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும். அது வரும்வரை வாரன்டி அட்டையைப் புரட்டுங்கள். எத்தனை வருஷம் என்பதோடு, எத்தனை சதவீதத் திறனுக்கு உத்தரவாதம் என்றும் கேளுங்கள். கடைக்காரர் முழித்தால், பணத்தை எடுக்கும் முன் கொஞ்சம் யோசியுங்கள்.