திண்ணையையும் எண்ணுங்கள்

நலிந்துபோன பழைய நகரத்தை மீட்கத் தொழிற்சாலைதான் வேண்டும் என்பதில்லை. கலையும் பழமையும்கூட அதற்கு உயிர் கொடுக்கும் என்று புவியியல் வகுப்பில் சிஸ்டர் சொன்னபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது. கப்பல் கட்டும் தொழில் சரிந்த ஸ்பெயின் நாட்டுப் பில்பாவோ நகரில், 1997-இல் குகன்ஹைம் அருங்காட்சியகம் திறந்த கதையைச் சொன்னார்கள். அதைப் போய்ப் பார்க்க நம்மால் ஆகாது. ஆனால் நம் புதுச்சேரியிலேயே, மிஷன் வீதிக்கு மேற்கே, வைசியாள் வீதி இருக்கிறதே!

கால்வே சுப்பராய செட்டி வீதி என்பது அதன் மற்றொரு பெயர். பெரிய வாய்க்காலுக்கு இப்பால் உள்ள தமிழர் பகுதியைச் சேர்ந்தது. தெருவில் செல்பவர் வெயிலுக்கு ஒதுங்க மரத்தூண் நிறுத்திய தாழ்வாரம், அதையடுத்து விருந்தினர் அமரத் திண்ணை, உள்ளே முற்றம். சில வீடுகளில் கீழ்த்தளம் தமிழ்முறை, மாடி பிரெஞ்சு முறை. 2002 முதல் 2004 வரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ்-சூர்-லோ ஆகிய நகரங்களோடு நம் ஊரும் சேர்ந்தது. அப்போது இன்டாக் அமைப்பினர் இவ்வீதி வீடுகளின் முகப்புகளைப் புதுப்பித்தனர். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பரிசும் கிடைத்தது.

‘இப்புத்துயிர்ப்பு வெற்றியா?’ என்பதே எங்கள் கள ஆய்வின் கேள்வி. நானும் என் தோழியும் ஒரு ஞாயிறன்று சம்பா கோவிலில் பூசை முடிந்ததும் பதிவுத்தாள்களோடு புறப்பட்டோம். ஒவ்வொரு கட்டடமும் வீடா, கடையா, விடுதியா என்று வரைபடத்தில் வண்ணம் தீட்டினோம். மூலையில் நின்று பத்து நிமிடம் நடப்போரை எண்ணினோம். எதிர்ப்பட்டவர்களிடம் வினாப்பட்டியலை நீட்டினோம். எதிர்ப்பட்டவர்களோ பெரும்பாலும் கேமரா வைத்திருந்தவர்கள்! ‘இவ்வீதி அழகாக உள்ளதல்லவா?’ என்பது எங்கள் முதல் வினா. யார்தான் இல்லை என்பார்கள்? ‘மாபெரும் வெற்றி’ என்று எழுதி, பெருமையோடு சிஸ்டரிடம் கொடுத்தோம்.

படித்துவிட்டு அவர்கள் கோபிக்கவில்லை. “யாரை நீங்கள் கேட்கவில்லை?” என்று மட்டும் கேட்டார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்றால் மிகையல்ல.

மறுமுறை வாரநாளில், காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்துக்கும் சென்றோம். அது வேறொரு வீதியாகவே இருந்தது. கோலம் போடுபவர்கள், பால்காரர், பள்ளிப் பிள்ளைகள். கண்ணில் பட்டவரைக் கேட்காமல் ஐந்து வாசலுக்கு ஒரு வாசல் என்று முறைவைத்துத் தட்டினோம். கட்டடங்களின் நிலைக்குக் கழித்தல் மூன்று முதல் கூட்டல் மூன்று வரை மதிப்பெண் இடுவதையும், முதலில் தனித்தனியாகச் செய்து பிறகு ஒப்பிட்டோம். ஒரே வீட்டிற்கு நான் கூட்டல் மூன்று, தோழி பூஜ்யம். நான் முகப்பைப் பார்த்தேன். பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டில் வளர்ந்த அவளோ, அண்ணாந்து உத்தரத்தில் இறங்கியிருந்த ஈரத்தைப் பார்த்தாள்.

ஒரு பாட்டியம்மா எங்களை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். வினாத்தாளைக் கையில் வாங்கவே இல்லை. “முன்னே இந்தத் திண்ணையில யாரு வேணா உக்காருவாங்க கண்ணு. இப்ப வர்றவங்க போட்டோ எடுத்துட்டுப் போறாங்க, உக்கார்றதில்ல” என்றார்கள். எங்கள் பன்னிரண்டு வினாக்களில் எதற்கும் இது விடையில்லை. எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று விழித்தோம்.

உடனே ‘சுற்றுலா கெடுதல்’ என்று முடிவு கட்டத் தோன்றியது. நல்லவேளை, அடுத்த வாசலில் வேறொருவர், “விடுதிக்குக் கொடுக்காம இருந்திருந்தா எங்க வீட்ட இடிச்சே இருப்போம்மா” என்றார். சுண்ணாம்புக் காரை வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுவதும் கூலி கொடுப்பதும் அவ்வளவு எளிதா? மாத வருமானம் இல்லாமல் மரத்தூண் நிற்காது. இதையும் எழுதிக்கொண்டோம்.

ஆகவே என் கருத்து இது: வெள்ளை பூசிய சுவர்களையும் வந்துபோகும் தலைகளையும் மட்டும் எண்ணுகிற ஆய்வு பாதி ஆய்வே. நம் பதிவுத்தாளில் திண்ணைக்கென ஒரு கட்டம் வேண்டும். அதில் யாரேனும் அமர்ந்திருக்கிறார்களா, கம்பிக் கதவு போட்டு அடைத்துள்ளதா, அமர்ந்திருப்பவர் அத்தெருவாசியா என்று குறிக்க வேண்டும். குடிபெயர்ந்து போனவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்பதையும் அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும். வீதியில் நின்றால் அவர்கள் நம் எண்ணிக்கையில் வரவே மாட்டார்களே! ‘அதற்கு மதிப்பெண் உண்டா?’ என்று சில தோழியர் கேட்கிறார்கள். இல்லைதான். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: விடியற்காலையில் ஆய்வுக்கு அனுப்பத் தயங்காதீர்கள். எங்களோடு தோழியின் அப்பா வந்தார். ஓரமாக நின்று தேநீர் குடித்தபடியே, எங்களைவிட அதிகச் செய்தி சேகரித்துவிட்டார்.

அடுத்த ஆண்டு இவ்வாய்வைச் செய்யவிருக்கும் தங்கையருக்காக எங்கள் தாள்களைப் புவியியல் அலமாரியில் வைத்துள்ளோம். ஞாயிற்றுக்கிழமைத் தாள்களையும் நாங்கள் கிழித்துப் போடவில்லை.