கதை முடிந்த பிறகு

ஹாலிஎலையிலிருந்து பதுளைக்குச் செல்லும் பஸ் வண்டியில் சென்ற வாரம் ஒரு வழக்கு நடந்தது. வழக்காடியவர்கள் பள்ளி மாணவியர் இருவர். ‘பொன்னியின் செல்வ’னில் அருள்மொழிவர்மன் மணந்திருக்க வேண்டியவள் வானதியா, பூங்குழலியா என்பதே வழக்கு. பூங்குழலியின் கட்சி பேசிய பெண், தானே எழுதிய புதிய முடிவைக் கொப்பியிலிருந்து வாசித்தும் காட்டினாள். அருகிலிருந்த தாயாரோ, “பாடம் எழுத வேண்டிய கொப்பியில் கல்யாணக் கதையா?” என்று கடிந்துகொண்டார்.

இவ்வழக்குப் புதிதன்று. கல்கி அக்கதையை 1950 முதல் 1954 வரை தொடராக எழுதி முடித்ததும், “பிறகு என்ன ஆயிற்று?” என்று வாசகர்கள் கேட்டனர். அவர்களுக்காக அவர் ஒரு முடிவுரையே எழுத நேர்ந்தது. குந்தவையை வந்தியத்தேவரின் தேவி என்று தஞ்சைக் கல்வெட்டுக் கூறுகின்றது; கதையிலோ அத்திருமணம் நிகழவில்லை. பின்னர் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யில் கதையைத் தொடர்ந்தார். இன்று ‘ரசிகர் புனைகதை’ என்கிறோமே, அதன் வித்து இந்த ஆவல்தான்.

அதற்கும் முன்னரே, மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா என்று இரு கட்சியாகப் பிரிந்து லாவணி பாடியவர்கள் தமிழர்கள். ரதியின் புலம்பலைக் கேட்டு நம் தோட்டங்களிலும் மாசி மாதக் காமன் கூத்தில் கண் கலங்காதவர் யார்? பிரிந்த ஜோடி சேர வேண்டும் என்பது கேட்பவர் நெஞ்சின் நீதி.

ஆயினும் எல்லா ஜோடிகளையும் வாசகர் விரும்புவதில்லை. குந்தவையும் வந்தியத்தேவனும் மனத்தில் நிற்பதற்கு அழகு மட்டுமா காரணம்? அவள் அரசிளங்குமரி, அவன் நாடிழந்த வீரன். எனினும் பேச்சில் இருவரும் சமம். ஒருவர் மதியை மற்றவர் மதிக்கின்றனர்.

பூங்குழலியோ புயற்கடலில் தானே துடுப்பு வலித்துச் சென்று பிறரைக் காத்தவள். கடல் கடந்து வந்தோரின் பேத்தி ஒருத்தி, கொழுந்து பறிக்கும் தன் தாயின் கையை அந்தத் துடுப்புப் பிடித்த கையில் காண்பது இயல்பன்றோ? சேந்தன் அமுதனை மணந்து அவள் அரசியானாள். ஆனால் முதலில் மனம் நாடியவன் கிடைக்கவில்லையே என்பது அம்மாணவியின் குறை. வானதியின் கட்சிக்கும் நியாயம் உண்டு. அடிக்கடி மயங்கி விழுந்த அப்பேதைப் பெண்தான், சிம்மாசனம் ஏற மாட்டேன் என்று சபதம் செய்யும் உறுதியும் பெற்றாள்.

ஆகவே, எந்த ஜோடியை விரும்புகிறோம் என்பது, எத்தகைய இல்வாழ்வை நன்றென்று கருதுகிறோம் என்பதன் மறுவடிவம். நம் இல்லங்களில் பெண்ணின் திருமணத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பெண்ணிடம் கேட்பவர் சிலரே. கேட்கப்படாத அந்த விடையைத்தான் அவள் கொப்பியில் எழுதுகிறாள்.

தாய்மார்களே, கொப்பியைப் பறிக்க வேண்டாம். “ஏன் மகளே, உனக்குப் பூங்குழலியைப் பிடித்திருக்கிறது?” என்று ஒரு முறை கேளுங்கள். நாளை வரன் பார்க்கும்போது அந்த விடை உங்களுக்குப் பயன்படும்.