மூழ்கிய ஊருக்கும் ஒரு நூதனசாலை

லக்கலயில் ஒரு கிராமிய நூதனசாலை அமைய வேண்டும் என்பது என் கருத்து. பழைய கலப்பையையும் உரலையும் அடுக்கி வைத்தால் மட்டும் போதாது. அந்த மக்கள் எப்படி வாழ்ந்தார்கள், ஏன் ஊரைவிட்டுப் போனார்கள் என்ற இரண்டையும் அது சொல்ல வேண்டும்.

களுகங்கை நீர்த்தேக்கத்தில் 2018 ஆம் ஆண்டு நீர் நிரப்பத் தொடங்கினார்கள். பழைய லக்கல நகரம் நீருக்குள் போனது. அதற்குப் பதிலாகப் புதிய பசுமை நகரம் எழுந்தது. வறண்ட பிரதேச விவசாயிகளுக்குத் தண்ணீர் தேவை; அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் புதிய நகரத்தின் அகன்ற வீதியில் நடக்கும் ஒரு பிள்ளைக்கு, தன் பாட்டன் விதைத்த வயல் எங்கே இருந்தது என்று யார் காட்டுவார்கள்?

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. சென்ற விடுமுறையில் குடும்பத்தோடு கொக்கலயில் உள்ள மார்ட்டின் விக்ரமசிங்க நூதனசாலைக்குப் போயிருந்தேன். மாட்டுவண்டிகள், மீன்பிடி உபகரணங்கள், மட்பாண்டங்கள், முகமூடிகள் எல்லாம் அங்கே உள்ளன. ஆனால் என் மனதில் நின்றது அந்த எழுத்தாளர் பிறந்த வீடுதான். இரண்டாம் உலக மகா யுத்தத்தின்போது பிரித்தானியர் விமானத் தளம் அமைப்பதற்காக அந்தக் கிராமத்து மக்களை வெளியேற்றினார்கள். ஊர் போனது, அந்த வீடு தப்பியது. அதனால்தான் அங்குள்ள பொருட்களுக்கு ஓர் ஊரின் முகவரி இருக்கிறது.

அந்த முகவரி இல்லாவிட்டால் என்ன ஆகும்? நம்மைப் போல் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் கசகஸ்தானை எடுத்துக்கொள்வோம். கம்பளிக் கூடாரம், குதிரை விளையாட்டு, வேட்டைக் கழுகு என்று பழைய வாழ்வைக் காட்டும் கிராமங்களை அங்கே பயணிகளுக்காக அமைத்திருக்கிறார்கள். அந்தக் கூடாரம் செய்யும் கலையை 2014 இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. ஆனால் 1930களின் தொடக்கத்தில் சோவியத் ஆட்சி அம்மக்களின் மந்தைகளைப் பறித்து, அவர்களைக் கட்டாயமாக ஓரிடத்தில் குடியமர்த்தியது. அப்போது வந்த பஞ்சத்தில் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். கூடாரத்தை மட்டும் காட்டி இதைச் சொல்லாமல் விட்டால், பார்ப்பவருக்குக் கிடைப்பது பாதிக் கதைதான்.

லக்கலயில் முழுக் கதையையும் சொல்லலாம். வைக்கோல் வேய்ந்த மண்வீடும் குரக்கன் சேனையும் இருக்கட்டும். பக்கத்திலேயே மூழ்கிய ஊரின் வரைபடம் இருக்கட்டும். வழிகாட்டிகளாக இடம்பெயர்ந்த குடும்பத்துப் பெண்களே இருக்கட்டும். நகத்தால் அரக்கை இழுத்து அலங்கரிக்கும் பல்லேஹப்புவித கைவினைஞர்களுக்கும், தும்பறைப் பாய் நெய்பவர்களுக்கும் அங்கே விற்பனைக்கு இடம் கொடுக்கலாம். வேடிக்கை பார்த்துக் கைதட்டுவதைவிட, ஒரு பொருளை நியாயமான விலைக்கு வாங்குவதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

கட்டடம் எழும்பும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. பழைய ஊரைக் கண்ட முதியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சிங்களத்தில் சரளமாகப் பேசக்கூடிய மாணவிகள் நம் கல்லூரியில் இருக்கிறார்கள். ஒரு கொப்பியும் ஒரு நாள் பயணமும் போதும். பெற்றோர்களே, அதற்கு அனுமதி தாருங்கள். தமிழ் பேசும் முஸ்லிம் பிள்ளைகள் தங்கள் ஊரின் கதையை எழுத வந்தார்கள் என்பது அந்த மக்கள் மனதிலும் நிற்கும், இன்ஷா அல்லாஹ்.